சராசரியில் தெரியாத குழி

(தூத்துக்குடியில் பாலிடெக்னிக் மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் பொதுமக்களும் கூடிய அறிவியல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலோக அரிமானம் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. உப்பளமும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் ஒரே காற்றில் நிற்கிற ஊர் இது. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துப் பழகியவர்கள் நீங்கள். உங்களிடம் துருவைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? எனவே இன்றைக்குத் துருவை விட்டுவிடுவோம். துருப்பிடிக்காது என்று நம்பிக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த உலோகம் எப்படி ஓட்டை விழுகிறது என்று பார்ப்போம். இதற்குக் குழி அரிமானம் என்று பெயர். ஆங்கிலத்தில் படித்தவர்கள் 'பிட்டிங்' என்பார்கள்.

சாதாரண இரும்பு மழையில் கிடந்தால் மேற்பரப்பு முழுவதும் ஓரளவு சீராகத் தேயும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பொறியாளருக்கு அது பெரிய தலைவலி இல்லை. ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் தேயும் என்று தெரிந்தால், 20 ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் கனத்தைக் கூட்டி வைத்துக் கட்டிவிடுவார். குழி அரிமானம் அந்தக் கணக்குக்குள் அடங்காது. நூறு சதுர அடித் தகட்டில் தொண்ணூற்றொன்பது அடி கண்ணாடியாக மின்னும். மீதியில் எங்கோ ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தில் மட்டும் உலோகம் உள்நோக்கிக் கரைந்துகொண்டே போகும்.

எவ்வளவு உலோகம் போகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். 2 மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் தகட்டில் 1 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை. அந்த இடத்திலிருந்து காணாமல் போன உலோகம் ஏறத்தாழ 13 மில்லிகிராம். ஒரு நெல்மணியின் எடையில் பாதிதான் இருக்கும். தொட்டியோ நூறு கிலோ. எடை போட்டுப் பார்த்தால் எந்தத் தராசும் வித்தியாசம் காட்டாது. ஆனால் தொட்டி ஒழுகுகிறது. அரிமானம் என்பது மின்வேதி வினை. எனவே இதை மின்னோட்டமாகவும் கணக்கிடலாம். ஓராண்டில் இந்தத் துளையைப் போட்டு முடிக்க ஒன்றரை மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் போதும். அவ்வளவு சிறிய வேலை, ஒரே இடத்தில் விடாமல் நடந்ததால் வந்த வினை இது.

ஏன் ஒரே இடத்தில்? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால், மற்ற இடங்களில் ஏன் நடக்கவில்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

1836இல் பாசல் நகரப் பேராசிரியர் ஷேன்பைனும் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் இரும்பின் ஒரு விநோத நடத்தை பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு நுரைத்துக்கொண்டு கரையும். அடர் நைட்ரிக் அமிலத்தில் போட்டால் அசையாமல் கிடக்கும். அப்படிக் கிடந்த இரும்பை எடுத்து நீர்த்த அமிலத்தில் போட்டாலும் சிறிது நேரம் கரையாது. ஆனால் அதை லேசாகக் கீறிவிட்டால் உடனே நுரை கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடுப் படலம் இரும்பைப் போர்த்தியிருக்கிறது என்று ஃபாரடே ஊகித்தார். அது சரியான ஊகம்.

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல்களுக்கு நல்ல உருக்கு தேடியபோது, குரோமியம் மிகுந்த உருக்கு எளிதில் துருப்பிடிக்கவில்லை என்று கண்டார். நம் வீட்டு எவர்சில்வரின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. உருக்கில் குரோமியம் சுமார் 10.5 விழுக்காட்டைத் தாண்டினால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது ஒரு படலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதன் கனம் ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தப் படலம் கீறினாலும், ஆக்சிஜன் இருக்கும்வரை, நொடியில் மறுபடி மூடிக்கொள்ளும். எவர்சில்வரைக் காப்பது அதன் உள் வலிமை என்று நினைக்காதீர்கள். படலத்தை உரித்துவிட்டால் அதுவும் இரும்புதான்.

இந்தப் படலத்துக்கு ஆகாத ஒன்று உண்டு: குளோரைடு அயனி. உப்பில் பாதிக்குமேல் அதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அது படலம் முழுவதையும் தாக்குவதில்லை. பலவீனமான இடத்தைத் தாக்குகிறது. எவர்சில்வரில் பலவீனமான இடம் பெரும்பாலும் மாங்கனீசு சல்பைடுத் துணுக்கு. உருக்கைக் காய்ச்சும்போதே உள்ளே தங்கிவிடும் கந்தகம், மாங்கனீசோடு சேர்ந்து சில மைக்ரோமீட்டர் அளவில் துணுக்குகளாக உறைந்து நிற்கிறது. அந்தத் துணுக்கைச் சுற்றிக் குரோமியம் குறைந்த ஒரு வளையம் இருப்பதாக 2002இல் மேரி ரையன் முதலான லண்டன் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வளையம் உண்டா இல்லையா என்பதில் பிறகு வாதம் எழுந்தது. ஆனால் பெரும்பாலான குழிகள் அந்தத் துணுக்குகளின் விளிம்பில்தான் பிறக்கின்றன என்பதில் சண்டை இல்லை.

இப்போது மேசைமேல் இருக்கும் இந்தத் தகட்டைப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் திரையில் தெரியும். இது சாதாரண இரும்புத் தகடு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். குப்பியில் உப்புத்தண்ணீர். அதில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கிடைக்கிற இரண்டு பொருள்களைச் சிறிது கலந்திருக்கிறேன்: பொட்டாசியம் ஃபெரிசயனைடு, பினால்ஃப்தலீன். இரும்பு கரைந்தால் முதலாவது நீலமாகும். காரம் உண்டானால் இரண்டாவது இளஞ்சிவப்பாகும். ஒரு பெரிய சொட்டு விடுகிறேன்.

முதலில் நீலமும் சிவப்பும் அங்கங்கே புள்ளி புள்ளியாக வரும். கொஞ்சம் பொறுங்கள். இதோ, பிரிந்து நிற்கிறது. சொட்டின் நடுவில் நீலம், ஓரத்தில் சுற்றிலும் இளஞ்சிவப்பு. கேம்பிரிட்ஜில் அரிமான ஆய்வுக்கு அடித்தளம் போட்ட யூலிக் எவன்ஸின் பெயரால் வழங்கும் சோதனை இது. ஓரத்தில் சொட்டு மெல்லியது. காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக உள்ளே வருகிறது. அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காரமாகிறது. நடுவில் ஆக்சிஜன் எட்டவில்லை. அங்கே இரும்பு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைகிறது. ஆக்சிஜன் நிறைந்த இடம் எதிர்மின்வாய், ஆக்சிஜன் இல்லாத இடம் நேர்மின்வாய். கம்பியும் இல்லை, பாட்டரியும் இல்லை. ஒரு சொட்டுக்குள்ளேயே ஒரு மின்கலம். காற்றுப் படாத இடம்தான் கரைகிறது. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் இதிலிருந்து வரும்.

எவர்சில்வர்த் தகட்டுக்குத் திரும்புவோம். சல்பைடுத் துணுக்கின் ஓரத்தில் மிகச் சிறிய பள்ளம் ஒன்று விழுந்துவிட்டது. அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். வாய் குறுகல் என்பதால் புது ஆக்சிஜன் வரவில்லை. உள்ளே உலோகம் கரைகிறது. விடுபட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாக வெளியே ஓடிப் பரந்த மேற்பரப்பில் ஆக்சிஜனிடம் சேர்கின்றன. உள்ளே நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகள் குவிகின்றன. அதைச் சமன்செய்ய வெளியிலிருந்து எதிர் அயனி வர வேண்டும். தண்ணீரில் தாராளமாக இருப்பதும் விரைவாக நகர்வதும் குளோரைடு. அது உள்ளே இழுக்கப்படுகிறது. உலோகக் குளோரைடு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. வெளியே தண்ணீர் நடுநிலையில், pH 7 அருகில் இருக்கும்போது, குழிக்குள் pH 1 அளவுக்கு இறங்குவதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அமிலம் கூடினால் உலோகம் இன்னும் வேகமாகக் கரையும். கரைந்தால் இன்னும் குளோரைடு வரும். வந்தால் இன்னும் அமிலம். தன் வினைக்குத் தானே ஊக்கியாகிற இந்தச் சுழலில் குழி அகப்பட்டுக்கொண்டால், பிறகு வெளியே உப்பு கொஞ்சம் குறைந்தால்கூட அது நிற்காது. தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே தயாரித்து வைத்திருக்கிறது.

இதில் ஒரு கொடுமை உண்டு. குழி கரைந்து அனுப்புகிற எலக்ட்ரான்கள் சுற்றியுள்ள மேற்பரப்பைக் காப்பாற்றுகின்றன. அதனால்தான் குழிக்கு அக்கம்பக்கம் பளபளவென்று இருக்கிறது. எதிர்மின்வாய் அகன்றது, நேர்மின்வாய் ஊசிமுனை. அகன்ற பரப்பு கேட்கிற மின்னோட்டம் முழுவதையும் அந்த ஊசிமுனை ஒன்றே கொடுத்தாக வேண்டும். காப்புப் படலம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தாக்குதல் ஓரிடத்தில் குவியும். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்துப் பொருத்தியிருந்தால், கரையக்கூடியதற்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்த ஒரு கீறல் மொத்தச் சுமையையும் தாங்கும்.

எல்லாக் குழியும் வளர்வதில்லை. ஆயிரக்கணக்கில் பிறந்து, படலம் மூடிக்கொண்டு, அப்படியே செத்துப்போகின்றன. பிழைத்தவற்றின் வாயில் பல சமயம் பூவேலை செய்த துணிபோல ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய உலோக மூடி எஞ்சியிருக்கும். அமிலத்தை வெளியே விடாமல் காப்பது அதுதான். மேலே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி. கீழே ஒரு குகை.

இனி, இது என்ன செய்யும் என்பதற்கு நடந்த கதைகள்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19, விடியற்காலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் ஊருக்கு அருகே, பேக்கோஸ் ஆற்றங்கரையில் 30 அங்குல இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்தது. ஆற்றைக் கடக்கும் குழாய்ப் பாலத்தின் அடியில் கூடாரமடித்துத் தங்கியிருந்த 12 பேர் இறந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குழாயை எடுத்து ஆராய்ந்தது. வெளிப்புறத்தில் குறை இல்லை. உட்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்த குழிகள். சுவரின் கனத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஓரிடத்தில் போயிருந்தது. குழியின் வாயிலிருந்து அடிவரை குளோரைடு அளவை எடுத்தபோது, கீழே போகப் போக அது ஏறிக்கொண்டே போனது. நான் சற்றுமுன் விளக்கிய அதே சுழல்.

அந்தக் குழாய் எவர்சில்வர் இல்லை, சாதாரண உருக்கு. படலம் இல்லாத உலோகத்தில் ஏன் குழி? எரிவாயுவோடு வந்த ஈரம் குழாயின் தாழ்வான இடத்தில் தேங்கியது. வழியில் நீரைப் பிடித்து வடிக்க வைத்திருந்த பொறி ஓரளவு அடைபட்டிருந்தது. தேங்கிய நீரிலும் வண்டலிலும் நுண்ணுயிர்கள் குடியேறியிருந்தன. வண்டலின் அடியில் ஆக்சிஜன் எட்டாது. காற்றுப் படாத இடம் கரைகிறது. குழாயைச் சுத்தம் செய்ய உள்ளே 'பிக்' என்ற கருவியை ஓட்டுவார்கள். வெடித்த பகுதியில் அதை ஓட்ட முடியாத அமைப்பு. பல கிலோமீட்டர் நீளக் குழாய், ஒரு தாழ்வான வளைவில் தோற்றது. 2002இல் அமெரிக்கா குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

கார்ல்ஸ்பாட் வெடிப்புக்கு ஆறு ஆண்டு கழித்து அலாஸ்காவின் புருதோ பே எண்ணெய் வயலில் அதே பாடம் மறுபடி. எண்ணெய் மெதுவாக ஓடியதால் குழாயின் அடியில் வண்டல் படிந்தது. 1998க்குப் பிறகு அந்தக் குழாயில் பிக் ஓட்டவில்லை. 2006 மார்ச்சில், அரை அங்குலத்தைத் தாண்டாத ஒரு துளை வழியாகச் சுமார் 8 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் பனிநிலத்தில் கொட்டியது. குழாயை இயக்கிய பிபி நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் கட்டியது.

மூன்றாவது கதை எவர்சில்வரைப் பற்றியது. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல்குளம் ஒன்று. கான்கிரீட் உட்கூரையை எவர்சில்வர்க் கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். குளத்து நீரில் போடும் குளோரின் ஆவியாகி மேலே போய்க் கம்பிகளில் படிந்தது. நீர் படும் இடமென்றால் கழுவப்படும். கூரைக்கு மேலே யார் போய்த் துடைப்பது? 1985 மே 9 அன்று, திறந்து 13 ஆண்டில், கூரை விழுந்து 12 பேர் இறந்தார்கள். இங்கே குளோரைடு கம்பிகளில் விரிசலைப் பரப்பியிருந்தது. குழிக்கும் விரிசலுக்கும் நெருங்கிய உறவு. பாரம் தாங்கும் உலோகத்தில் குழி விழுந்தால், அதன் அடியில் இழுவிசை குவியும். அமிலமும் அங்கேதான் இருக்கிறது. விரிசல் அங்கிருந்து கிளம்பும். ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அலுமினியமும் இதே வழியில்தான் கெடுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் அப்படியே. சிமெண்டின் காரம் கம்பிக்கு ஒரு காப்புப் படலம் தருகிறது. உப்பு அதைக் குத்துகிறது. அதனால்தான் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்குமேல் குளோரைடு கூடாது என்றும், கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஊரில் வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் மணலைப் பற்றி நாலு கேள்வி கேட்கிறோம். போர்வெல் தண்ணீரைச் சோதித்தாயா என்று ஒரு கேள்வியும் கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் எவர்சில்வரின் கிரேடு, அதாவது 202, 304, 316 என்று வழங்கும் தர எண். கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கினால் 202க்கும் 316க்கும் வித்தியாசம் தெரியாது. கடற்காற்றில் ஓராண்டு நின்றால் தெரியும். குழியை எதிர்க்கும் திறனை ஒப்பிட ஒரு சூத்திரம் உண்டு: குரோமியம் விழுக்காடு, அதோடு மாலிப்டினத்தைப் போல 3.3 மடங்கு, அதோடு நைட்ரஜனைப் போல 16 மடங்கு கூட்ட வேண்டும். 304க்கு இது 18 முதல் 20. இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316க்குச் சுமார் 24. டூப்ளெக்ஸ் என்ற வகையில் 2205க்கு 35. சூப்பர் டூப்ளெக்ஸ் 40ஐத் தாண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் உயர் அழுத்தக் குழாய்க்கு 316 போதாமல் சூப்பர் டூப்ளெக்ஸைத் தேடுவது வீண் செலவு இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு வழக்கத்தில் உள்ள ஒரு பொதுக் கணக்கு: குளிர்ந்த நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை 304, 1000 வரை 316. நம் குடிநீர்த் தரநிலை வேறு ஆதாரம் கிடைக்காதபோது 1000 வரை அனுமதிக்கிறது. மனிதன் குடிக்கலாம் என்று சான்றிதழ் பெற்ற தண்ணீரே 304க்கு ஆகாமல் போகலாம். சூடாக்கினால் நிலைமை இன்னும் மோசம்.

பட்டறை நண்பர்களுக்கு மூன்று வார்த்தை. வெல்டிங் அடித்த இடத்தில் நீலமும் பழுப்புமாக வரும் நிறத்தை அப்படியே விடாதீர்கள்; அதன் அடியில் குரோமியம் குறைந்திருக்கிறது. பிக்கிளிங் பேஸ்ட் போட்டு எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இரும்புக்குப் போட்ட கிரைண்டிங் வீலையும் கம்பி பிரஷ்ஷையும் எவர்சில்வரில் போடாதீர்கள். அழுத்தச் சோதனைக்கு நிரப்பிய தண்ணீரைச் சோதனை முடிந்த அன்றே வடித்துக் காயவையுங்கள். கிணற்றுத் தண்ணீரை உள்ளேயே விட்டு மாதக் கணக்கில் போட்டுவைத்து, ஆலை ஓடத் தொடங்கும் முன்பே புதுக் குழாய் ஒழுகிய கதை இந்தத் துறையில் ஏராளம்.

வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுக் கலக்காமல் அடுப்பில் வைத்தால், உப்பு அடியில் கிடந்த இடத்தில் வெண்புள்ளிகள் விழும். தேய்த்தாலும் போகாது, அவை குழிகள். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்பையும் ஊறுகாயையும் பீங்கான் ஜாடியில் வைத்த பாட்டிமார்கள் செய்தது சரியான வேலை. தரை கழுவும் ஆசிட்டை எவர்சில்வர்க் குழாய் இருக்கும் குளியலறையில் திறந்து வைக்காதீர்கள். அதுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். வாசல் கைப்பிடிக் கம்பியை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

நமக்கு இதில் சொந்த அறிவும் இருக்கிறது. அழகப்பச் செட்டியாரின் கொடையில் உருவாகி 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் என்ற ஊரில் கடற்காற்றில் உலோகங்களை வைத்துச் சோதிக்கிறது. 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் எவர்சில்வர்க் கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சு, பற்றவைத்த இணைப்பு என்று முன்யோசனையோடு செய்திருக்கிறார்கள். ஆனால் நல்ல பொருளைப் போட்டதோடு வேலை முடிவதில்லை. கார்ல்ஸ்பாடிலும் ஊஸ்டரிலும் யாரும் பார்க்காத மூலைதான் தோற்றது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் ஆய்வாளராகப் போய்க் குழாயின் கனத்தைப் பத்து இடத்தில் அளந்து சராசரி எழுதுவீர்கள். அந்தப் பத்து இடத்தில் ஒன்றுகூடக் குழிமேல் விழாமல் போகலாம். தாழ்வான இடம், வண்டல் படியும் இடம், வெல்டிங் ஓரம், தண்ணீர் வடியாத மூலை, யாரும் துடைக்காத மேல்பக்கம், இவற்றைத் தேடிப் போய் அளந்து பாருங்கள். அறிக்கையில் 'சராசரித் தேய்மானம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'மிக ஆழமான குழி எத்தனை மில்லிமீட்டர்' என்று இன்னொரு கட்டம் வரையுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் அறிக்கையில், யார் சொன்னாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.